அடுப்படிக் கேள்வி பதில்: 25 பேருக்கு ஒரு பானைக் கூழ்

கேள்வி: அக்கா, வாற மாதம் அம்மாவுக்கு 70 வயது. 25 பேரைக் கூப்பிட்டு, பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு எல்லாம் போட்டுக் காய்ச்சுற எங்கள் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் காய்ச்ச நினைக்கிறன். போன வருசம் 12 பேருக்குக் காய்ச்சினேன். கைத்தது, மா கட்டிபட்டது, மீன் கரைஞ்சு முள்ளுத்தான் மிஞ்சினது. இந்த முறை இரண்டு பானையில் பிரித்துக் காய்ச்சினால் சரிவருமோ?
– ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: இரண்டு பானை வேண்டாம் தங்கச்சி. ஒன்றில் நண்டு கூடும், மற்றதில் புளி கூடும். பிறகு எல்லாரும் ஒரு பானைக்குள்ளேயே அகப்பையை விடுவினம். 20 லீற்றர் பிடிக்கிற, அடி தடித்த பானை ஒன்றை இரவல் வாங்குங்கோ. அடுப்பைப் பின்வளவில் வையுங்கோ. வீட்டுக்குள் காய்ச்சினால் கணவாய் மணம் ஒரு கிழமைக்குத் திரைச்சீலையை விட்டுப் போகாது.

கைப்பு எல்லாம் ஒடியல் மாவில்தான். பச்சைப் பனங்கிழங்கைக் காயவிட்டு இடித்த மா அது. முக்கால் கிலோ மாவைக் காலையிலேயே பெரிய சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரையுங்கோ. ஒரு மணித்தியாலத்தில் மா அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை ஆடாமல் வடித்து ஊற்றிப் புதுத்தண்ணீர் விடுங்கோ. இப்படி இரண்டு தரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கோ, இன்னும் கைத்தால் மூன்றாம் தரம். எங்கள் அம்மம்மா நாக்கைத்தான் நம்புவா, மணிக்கூட்டை நம்பமாட்டா.

பானையில் 9 லீற்றர் தண்ணீர் கொதிக்க, இரண்டு பிடி அரிசி, பிளந்த பலாக்கொட்டை, கணவாய் அரைக் கிலோ. கணவாயை மீனோடு போட்டால் ரப்பர்தான், அது முதலே போய் மெல்ல அவியவேணும். பலாக்கொட்டை பாதி அவிய மரவள்ளிக்கிழங்கும் பயத்தங்காயும். மரவள்ளி அவியும்போது மூடாதேங்கோ. இஞ்சியும் சேர்க்காதேங்கோ, மரவள்ளியோடு இஞ்சி எங்கள் வீட்டில் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

கிழங்கு நசிபடுகிற பதத்தில் பாதியாய் வெட்டின நண்டு 12, பெரிய மீன்தலைகள். பிறகு செத்தல் மிளகாய், மிளகு, உள்ளி, மஞ்சள் அரைத்த கூட்டும் உப்பும். மீன் துண்டுகள் அதற்குப் பிறகுதான். விளைமீன், பாரை, கலவாய் எதுவும் நல்லம், ஆனால் துண்டு பெரிதாக இருக்கவேணும். சின்ன முள்ளு மீன் வேண்டாம், பிள்ளைகளும் குடிப்பினம். மீன் போட்டபிறகு பானைக்குள் அகப்பையைச் சுழட்டாதேங்கோ. உங்களுடைய மீன் கரைந்தது அதால்தான்.

பழப்புளிக் கரைசல் விட்டு ஒரு கொதி வந்ததும் நெருப்பைக் குறையுங்கோ. காலையில் சட்டியில் படிந்த மாவைப் பச்சைத்தண்ணீரில் தோசைமாப் பதத்துக்குக் கரைத்து ஒருவர் நூலாக ஊற்ற, இன்னொருவர் அகப்பைக்காம்பால் அடியோடு அணைத்துத் தள்ளவேணும். ஒரு ஆள் இரண்டையும் செய்யப்போனால் கட்டிபடும். இறாலும் முருங்கையிலையும் கடைசி ஐந்து நிமிசம்.

ஒருமுறை நான் ரெலிபோன் எடுக்கப் போய் அடிப்பிடிக்க விட்டிட்டன். அப்படி நடந்தால் சுரண்டாமல் மேலால் வேறு பானைக்கு ஊற்றுங்கோ. சுரண்டினால் முழுக்கூழும் புகைமணம்.

இன்னொன்று: நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் இருக்கினமோ என்று முதல்நாளே கேளுங்கோ. இருந்தால் அவைக்கு வேறை சாப்பாடு. பானைக்குள் இருந்து நண்டை மட்டும் எடுத்துப்போட்டுக் குடுக்கிற வேலை வேண்டாம்.

ஊரில் பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி அதில்தான் குடிப்பம். சூடு விரலில் ஏறும், இலைமணம் கூழுக்குள் இறங்கும். அங்கே பிலாவிலைக்கு எங்கே போறது? சில்வர் ரம்ளர் போதும்.

கேள்வி: இங்கே ஒடியல் மா கிடைக்கவில்லை. புழுக்கொடியல் மா இருக்கிறது. அதைப் போடலாமா? அல்லது அரிசிமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: புழுக்கொடியல் என்பது பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. அந்த மா துருவின தேங்காயும் சீனியும் போட்டுக் குழைத்துச் சாப்பிட நல்லது, கூழுக்கு அந்தத் தடிப்புத் தராது. அரிசிமா போட்டால் மீன் கஞ்சி வரும். அதுவும் ருசிதான், குடியுங்கோ. யாழ்ப்பாணத்து ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு அதைக் கூழ் என்று மட்டும் சொல்லாதேங்கோ.