நட்சத்திரங்கள் நிறைந்த கூடைப்பந்து அணி பாதி சீசனில் ஏன் தடுமாறுகிறது?

'சூப்பர் டீம்' என்றால் மூன்று, நான்கு பெரிய நட்சத்திரங்களை ஒன்றாகச் சேர்த்த அணி. ஆனால் பந்து ஒன்றுதான், ஒவ்வொரு முறை பந்து கிடைக்கும்போதும் கூடையை நோக்கி எறிய இருப்பதும் 24 விநாடிதான். பழைய அணியில் எப்போதும் பந்தோடு இருந்தவர், இங்கே பந்தில்லாமல் ஓடவும் மற்றவருக்கு இடம்விடவும் பழக வேண்டும். எங்கள் குன்னூர் மலைப்பாதையில் கைதேர்ந்த டிரைவர்கள் நாலு பேர் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் ஸ்டீயரிங் ஒன்றுதானே!

விடியற்காலைக் குளிரில் எழுந்து மேட்ச் பார்க்கும் எனக்கு மறக்காத உதாரணம் அமெரிக்காவின் NBA லீகில் ஆடும் மயாமி ஹீட் அணி. 2010இல் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் சேர்ந்தும் முதல் 17 ஆட்டங்களில் 8 தோல்வி. அந்த சீசனின் இறுதிச் சுற்றிலும் டாலஸ் அணியிடம் தோற்றார்கள். அப்புறம் 2012, 2013 இரண்டிலும் கோப்பை!

தோற்றாலே வீரர்களுக்குள் சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பழக்கம் போதாததுதான்.