ஆர்தர் சி. கிளார்க்: எதை முதலில் எடுப்பது? திருகோணமலை வாசகர் கேள்வி பதில்

உவர்மலை: அண்ணா, விஞ்ஞானக் கதை எழுதிய கிளார்க்கை எல்லாரும் '2001' நாவலிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். சரியா?

'ரொந்தேவூ வித் ராமா' (1973) தான் என் தெரிவு. 50 கிலோமீற்றர் நீள உருளை வடிவ விண்கலம் ஒன்று சூரியனை நோக்கி வருகிறது. ஆட்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். கதை அவ்வளவுதான். அத்தியாயங்கள் சின்னன், ஆங்கிலமும் எளிது. இடறுவது ஒரே இடத்தில்: உருளை சுழல்வதால்தான் உள்ளே எடை உண்டாகிறது. நடு அச்சில் எடையே இல்லை, அங்கிருந்து சுவரை நோக்கிப் படியிறங்க இறங்கக் கூடும். உள்ளே ஒரு கடலும் உண்டு. தாளில் ஒரு உருளை வரைந்து, உட்சுவரின் நடுவில் அந்தக் கடலை ஒரு வளையமாகப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் 'மேலே', 'கீழே' எல்லாம் குழம்பும்.

நிலாவெளி: அடுத்த பாகங்களையும் சேர்த்து வாங்கவா?

வேண்டாம். 1989 முதல் வந்த மூன்றும் ஜென்ட்ரி லீ என்ற இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து எழுதியவை. நடையே வேறு.

மூதூர்: சேர், நம்ம நாட்டுக் கதையென்று 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' (1979) எடுத்தேன். 50 பக்கத்தோடு நின்றுவிட்டது.

கனபேர் அங்கேதான் நிற்கிறார்கள். பழைய அரசன் காளிதாசன் கதையும் விண்ணுக்கு லிஃப்ட் கட்டப் பார்க்கும் எதிர்காலப் பொறியியலாளர் மோர்கன் கதையும் மாறி மாறி வரும். யக்ககல என்றால் சிகிரியா, ஸ்ரீ கந்த என்றால் சிவனொளிபாதமலை என்று பிடித்துக்கொண்டு போங்கள். தீவு பூமத்திய கோட்டில் கிடப்பது எழுத்துப் பிழையல்ல. அவர் வேண்டுமென்றே தெற்கே 800 கிலோமீற்றர் இழுத்திருக்கிறார். அந்த லிஃப்டைத் தாங்கும் செய்மதி ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்க, பூமத்திய கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றரில் சுற்றவேண்டும். லிஃப்ட் நிற்கும் மலையும் அதன் அடியில் இருந்தாக வேண்டுமே! இரண்டாவது புத்தகமாக எடுங்கள், ஓடும்.

கிண்ணியா: '2001' படம் பார்த்தாச்சு. நாவலும் வேணுமா?

படத்தின் முடிவு புரியாதவர்களுக்குக் கட்டாயம் வேணும், நாவல் விளக்கிச் சொல்லும். ஒரு கவனம்: நாவலில் கப்பல் சனிக்கோளுக்குப் போகிறது, படத்தில் வியாழனுக்கு. அடுத்த நாவலான '2010', முதல் நாவலையல்ல, '2001' படத்தைத்தான் பின்பற்றுகிறது.

திருக்கடலூர்: கோணேசர் மலையடியில் சுழியோடியவர் இவர்தானா?

ஓம். 1956 இல், கூடச் சுழியோடும் நண்பர் மைக் வில்சனோடு. போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களைக் கடலுக்குள் கண்டார்கள். அது 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' (1957) இல் இருக்கிறது, ஆனால் நாவலல்ல. கடல் நாவல் வேணுமென்றால் 'த டீப் ரேஞ்ச்': திமிங்கிலங்களை மாடுகள்போல் மேய்க்கிறார்கள்.