நன்றாக ஆடுகிறவர்களுக்குத் திடீரென்று கை வராமல் போவது ஏன்? கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுப்பவன் நான். இது பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திக்: அண்ணா, வருடக்கணக்காக ஆடியவர்கள் ஃபைனலில் சொதப்புவது பயத்தாலா?

பதில்: பயம் ஆரம்பித்து வைக்கும். கெடுப்பது அப்புறம் வருகிற ஜாக்கிரதை. 1993 விம்பிள்டன் ஃபைனலில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 முன்னிலை. சர்வீஸும் அவருடையது, 40-30. ஒரு பாயிண்ட் எடுத்தால் 5-1. அங்கே விழுந்தது டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வீஸும் தவறி பாயிண்ட் எதிராளிக்கு. அதன்பின் ஒரு கேம்கூட அவருக்கு வரவில்லை. பரிசளிப்பில், பரிசு கொடுக்க வந்த பிரிட்டிஷ் அரச குடும்பத்து கென்ட் டச்சஸின் தோளில் சாய்ந்து அழுதார். சர்வீஸ் மறந்தா போயிருக்கும்? தானாக நடக்கிற வேலையை மனது பக்கத்தில் நின்று மேஸ்திரி வேலை பார்த்திருக்கும், என் கணிப்பு அது. மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால், எந்தப் படி என்று யோசித்துப் பாருங்கள், தடுக்கும்.

செல்வி: ஆதாரம் உண்டா சார், இல்லை அனுபவத்தில் சொல்கிறீர்களா?

பதில்: உண்டு. 2002-ல் உளவியல் ஆய்வாளர் சியான் பைலாக் குழுவினர் கூம்புகளுக்கு நடுவே கால்பந்தை உருட்டிப் போகச் சொன்னார்கள். காலின் எந்தப் பக்கம் பந்தைத் தொட்டது என்று கவனிக்கச் சொன்னதும், தேர்ந்த ஆட்டக்காரர்கள் வலது காலில் மெதுவாகிவிட்டார்கள். காதில் விழும் சொற்களைக் கவனித்தபடி உருட்டியபோது நன்றாகவே வந்தது. புதிதாகப் பழகுபவர்களுக்கு நேர் எதிர். இது தெரிந்தும் மேட்ச் நடுவில் "முழங்கையைப் பாரு" என்று கத்துகிற கோச்சுகளில் நானும் ஒருவன்.

ரியாஸ்: அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸுக்கு நடந்ததும் இதுதானா?

பதில்: பங்காளி என்று சொல்லலாம், அதுவே அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸில், ஓடி வந்து மேஜையில் கை ஊன்றித் தாவுகிற வால்ட்டில், காற்றில் உடம்பை இரண்டரை முறுக்கு சுற்ற வேண்டியவர் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே பிடிபடவில்லை. டென்னிஸில் பந்து வெளியே போகும், இங்கே கழுத்தே போய்விடும். அதனால் அவர் போட்டியிலிருந்து விலகியதைக் கோழைத்தனம் என்றவர்கள் ஒருமுறை தலைகீழாகக் குதித்துப் பார்க்கட்டும். ஒரு வாரம் கழித்து, முறுக்கு இல்லாத இறக்கத்தோடு, ஒடுங்கிய கட்டை மேல் ஆடுகிற பீமில் வெண்கலம் வாங்கினார்.

கார்த்திக்: நோவோட்னா அப்புறம் ஜெயித்தாரா?

பதில்: 1998-ல். கோப்பையைக் கொடுத்ததும் அதே டச்சஸ்.

மீனா: என் மகள் ஷட்டிலில் பிராக்டிஸில் ஜோராக சர்வீஸ் போடுகிறாள். போட்டியில் எல்லாம் நெட்டில்.

பதில்: முதலில் நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அம்மா! சர்வீஸுக்கு முன் ஒரு மூச்சு, ஒரு சொல், உடனே அடி. தினமும் அதே வரிசை. பிராக்டிஸிலேயே நாலு பேரைச் சுற்றி நிற்க வைத்து, தோற்றால் எல்லாருக்கும் டீ என்று பந்தயம் கட்டுங்கள். கை நடுங்கட்டும், அங்கேயே பழகட்டும்.