தம்பிக்கும் சேர்த்து ஏர்கோனா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். எங்கள் ஏர்கோன் ரொம்பப் பழசு, கேஸ் ஒழுகுகிறது. புதிது மாற்ற கடைக்காரர் 2,100 வெள்ளி கேட்கிறார். முன்பணமே வேண்டாம், மாதம் 109 வெள்ளி, ஏழு வருடம், சர்வீஸ் இலவசம் என்கிறார் ஒரு முகவர். என் தம்பி அவன் வீட்டுக்கும் ஒன்றை என் பெயரில் எடுக்கச் சொல்கிறான். அவனுடைய மோட்டார் தவணை 210 வெள்ளியையும் நான்தான் கட்டுகிறேன். சம்பளம் 2,600. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்களை அரிப்பது ஏர்கோன் இல்லை, தம்பிக்காகப் போடும் கையெழுத்து.

109ஐ 84 மாதம் கட்டினால் 9,156. இரண்டு ஏர்கோனுக்கு 18,312, அதாவது உங்கள் ஏழு மாதச் சம்பளம். ஒன்றை ரொக்கமாக வாங்கினால் 2,100. வருடம் இரண்டு சர்வீஸுக்கு ஏழு வருடத்தில் சுமார் 1,400. பழுதுக்கு ஆயிரம் ஒதுக்கினாலும் 4,500தான். இந்த 'இலவச' சர்வீஸ் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தம்பி கட்டத் தவறினால், தேடி வருவதும் உங்களைத்தான்.

கடைக்காரரின் விலையைப் பிரித்துக் கேளுங்கள்: இயந்திரம் எவ்வளவு, செம்புக் குழாய் எவ்வளவு, கூலி எவ்வளவு? பழையதில் ஆர்22 என்ற பழைய வகை குளிரூட்டும் கேஸ் இருந்தால் குழாயையும் மாற்றச் சொல்வார்கள், அது நியாயம்தான். புதியவற்றில் பெரும்பாலும் ஆர்32 என்ற கேஸ். அதன் அழுத்தம் அதிகம், பழைய குழாயில் தங்கிய எண்ணெயும் அதற்கு ஒத்துவராது. வெளி யூனிட் தூரத்தில் இருந்தால் குழாய் நீளும், விலையும் ஏறும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1 குதிரைத்திறன் போதும். ஒன்றரை வேண்டும் என்று யாராவது சொன்னால், காரணம் பெரும்பாலும் தலைக்கு மேல் இருக்கும் ஜிங்க் கூரைதான். அதன் அடியில் வெப்பம் தடுக்கும் அலுமினியத் தாள் விரித்துவிட்டு, அப்புறம் அளவைப் பேசுங்கள்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில், எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கைத் தொட வேண்டாம், 2024க்கு 6.30 விழுக்காடு ஈவு கொடுத்த பணம் அது. மோட்டாரை ஓட்டுவது தம்பி. அந்த 210ஐ இந்த மாதத்திலிருந்து அவனே கட்டட்டும். பத்து மாதத்தில் உங்கள் கையில் 2,100 சேர்ந்துவிடும். அதுவரை காற்றாடி போதும். முகவரிடம் இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே? போடாதீர்கள். தம்பியிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்தப் பதிலை அப்படியே அவனிடம் காட்டுங்கள்.