அமெரிக்கக் காப்பீட்டுச் சங்கங்கள் வாஷிங்டனில் எப்படிக் காரியம் சாதிக்கின்றன?

1945ஆம் ஆண்டின் மெக்கரன்-ஃபெர்குசன் சட்டப்படி, காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் மாநிலங்களின் வேலை. பிறகு வாஷிங்டனில் இவர்களுக்கு என்ன வேலை என்றால், பணம் அங்கேதான் இருக்கிறது: மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), வரிச்சலுகை, பயங்கரவாத இழப்புக்கு அரசு தரும் பின்பலம் (2002 சட்டம், 2019இல் 2027 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது).

எம்.பி.க்களுக்கு நன்கொடை கொடுப்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் சங்கத்தின் அரசியல் நிதிக்குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலருக்கு மேல் தர முடியாது. அதனால் கதவு திறக்கும், அவ்வளவுதான். உண்மையான விளையாட்டு விதிமுறைகளில். மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர்) திட்டங்களுக்கு அரசு தரும் அடுத்த ஆண்டுக் கட்டணத்தின் வரைவு பெரும்பாலும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ வரும். கருத்துச் சொல்ல சுமார் 30 நாள். ஏப்ரல் தொடக்கத்தில் இறுதி முடிவு. அந்த இடைவெளியில் ஏஹிப் (மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம்) போன்ற சங்கங்கள் கணக்கோடு கருத்துரை அனுப்பும், ஆய்வறிக்கை வெளியிடும், முதியோரை விட்டு எம்.பி.க்களுக்கு போன் போட வைக்கும். அரை சதவீதம் நகர்ந்தாலே நூறு கோடி டாலர் கணக்கு.

இவர்களைக் கண்காணிக்க, அரசிடம் ஆதரவு திரட்டும் வேலையைப் பற்றித் தாக்கல் செய்யும் எல்டி-2 படிவத்தைப் பாருங்கள்: காலாண்டு முடிந்து 20 நாளில் தாக்கலாகும். எந்த மசோதா, எந்தத் துறை, மொத்தச் செலவு எல்லாம் இருக்கும். யாரைச் சந்தித்தார்கள் என்பது இருக்காது. வேறு அமைப்பின் பெயரில் ஓடும் விளம்பரமும் எளிதில் தப்பிவிடும். ஒபாமாவின் மருத்துவச் சட்டத்தை எதிர்க்க 2009இல் ஏஹிப் அமெரிக்க வர்த்தக சபைக்கு 8.62 கோடி டாலர் கொடுத்தது, 2010 நவம்பரில்தான் செய்தியாக வெளிவந்தது. அதற்குள் சட்டமே நிறைவேறியிருந்தது.