பிஸ்டல் தூக்கினால் முழங்கை வலி, கை நடுக்கம்: பிரேஸ் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி செய்கிறேன். மூன்று மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. பிஸ்டலைத் தூக்கும்போதும், தண்ணீர் நிறைந்த குவளையை எடுக்கும்போதும் சுரீரென்று இழுக்கிறது. இருபது முறை சுட்டதும் கை நடுங்கத் தொடங்கிவிடுகிறது. பிஸ்டலை முன்கையோடு சேர்த்துக் கட்டும் பிரேஸ் போட்டால் கை அசையாது, வலியும் போய்விடும் என்கிறார் உடன் பயிற்சி செய்பவர். மணிக்கட்டுக்கு ஒரு பெல்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். இவற்றைப் போடலாமா? நடுக்கத்துக்கு மாத்திரை உண்டா? நரம்புக் கோளாறாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்லும் வலியின் இடமும் குவளை எடுக்கும்போது இழுக்கும் தன்மையும் ‘டென்னிஸ் எல்போ’வைத்தான் காட்டுகின்றன. டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும் இது வரும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வைத்து, கையை முஷ்டியாக மடக்குங்கள். மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்த முயலுங்கள். இன்னொருவர் அதைக் கீழே அழுத்தட்டும். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வலி குத்தினால் ஏறக்குறைய உறுதி. விரல்களை நீட்டி, நடுவிரலை மட்டும் அழுத்தும்போதும் அதே இடத்தில் வலித்தால் சந்தேகம் இன்னும் குறையும்.

பிஸ்டலுக்கும் இந்த எலும்பு முனைக்கும் என்ன தொடர்பு? கையை நீட்டிக் குறிபார்க்கும்போது கட்டைவிரல் மேலே இருக்கிறது. பிஸ்டலின் எடை அதன் முனையைக் கீழே இழுக்கிறது. விழாமல் தாங்குவது, மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாகத் தூக்கிப் பிடிக்கும் முன்கைத் தசைகள். அவற்றில் ஒன்றின் தசைநாண் புறப்படும் இடமே நீங்கள் வலிக்கிறது என்று காட்டும் அந்த முனை. முழங்கையை முழுதாக நீட்டியிருப்பதால் அந்தத் தசை ஏற்கெனவே இழுபட்ட நிலையில் இருக்கிறது. இதற்கு மேல் கைப்பிடியை நசுக்கிப் பிடிக்கும் பழக்கமும் இருந்தால், விரல்கள் இறுக இறுக அதே தசை எதிர்ப்பக்கம் இறுகியாக வேண்டும். ஒரு கிலோ எடையை அறுபது எழுபது முறை தூக்கி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி அசையாமல் நிறுத்தினால் தசைநாண் நைந்துபோவதில் வியப்பில்லை. இது வெறும் வீக்கமல்ல. தசைநாணின் இழைகள் சீர்குலைந்து, பழுதுபார்ப்பு முடிவதற்குள் மீண்டும் மீண்டும் சுமை ஏறியதால் வந்த நிலை. ஓய்வை மட்டும் நம்பினால் இழுத்தடிப்பதற்குக் காரணமும் அதுதான்.

இனி பிரேஸ். ‘பிரேஸ்’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கின்றன. மூன்றும் செய்யும் வேலை வேறு. முதலாவது, நண்பர் சொன்னது: துப்பாக்கியின் பின்பகுதியிலிருந்து நீண்டு, முன்கையைச் சுற்றிப் பட்டையால் கட்டப்படுவது. 2012இல் அமெரிக்காவில், ஒரு கையால் கனமான கைத்துப்பாக்கியைப் பிடிக்க முடியாத மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து உருவானது இது. முன்கையையும் துப்பாக்கியையும் ஒரே துண்டாக ஆக்கி, மணிக்கட்டின் சுமையை முன்கைக்கு மாற்றிவிடும். பின்பகுதியில் அதைப் பொருத்த ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் துப்பாக்கிகளுக்கானது. போட்டிக்கான ஏர் பிஸ்டலில் அப்படி ஓர் இடமே இல்லை. இரண்டாவது, உலோகத் தகடு வைத்த மணிக்கட்டு ஸ்ப்ளின்ட். நீங்கள் வாங்கியது இந்த வகையாக இருக்கலாம். மூன்றாவது, முழங்கைக்குச் சற்றுக் கீழே கட்டும் குறுகிய பட்டை.

முதல் வகை உண்மையில் பயன் தருமா? பாதிக்குத் தரும். எந்தப் பாதி என்பதைப் பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஏர் பிஸ்டலின் மேல், குறிபார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 10 மீட்டரில். அதாவது குறிகளுக்கு இடையே வரும் பிசகு இலக்கில் முப்பது மடங்காகும். மணிக்கட்டு சற்றே வளைந்து முன் குறி 0.3 மி.மீ. தள்ளிப் போனால், குண்டு 9 மி.மீ. தள்ளிப் படும். இலக்கில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., குண்டின் விட்டம் 4.5 மி.மீ. எனவே குண்டின் மையம் 8 மி.மீ.க்குள் பட்டால்தான் பத்து. ஆக, அந்த 0.3 மி.மீ. போதும், பத்து ஒன்பதாகிவிடும். ஆனால் குறிகளின் வரிசை கலையாமல் கை முழுவதும் 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் 5 மி.மீ. மட்டுமே நகரும், பத்து பத்தாகவே இருக்கும். மணிக்கட்டைப் பூட்டும் கருவி குறியை நிலைப்படுத்துவது இதனால்தான்.

மறுபாதி தோள். பிஸ்டலின் எடை தோளிலிருந்து ஏறக்குறைய 65 முதல் 70 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் கையே சுமார் மூன்றரைக் கிலோ. இந்தச் சுமையில் ஒரு கிராமைக்கூட முன்கை பிரேஸ் குறைக்காது. தன் எடையையும் அதோடு சேர்த்துவிடும். முதல் இருபதில் இல்லாத நடுக்கம் பிறகு வருகிறது என்றால், தோள் தசை களைப்பதே பெரும்பாலும் காரணம். ஆகவே நீங்கள் வாங்க நினைக்கும் கருவி, உங்கள் நடுக்கத்துக்குப் பொருத்தமான இடத்தில் வேலை செய்யாது.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு தடை. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி பிஸ்டலை ஒரே கையால் பிடிக்க வேண்டும்; மணிக்கட்டு எந்தத் தாங்கலும் இல்லாமல் வெளியே தெரிய வேண்டும். பிஸ்டல் பிடிக்கும் கையில் கைக்கடிகாரமோ, வளையமோ, பட்டையோ கூடாது. உடல், கை, கால்களின் அசைவைக் கட்டுப்படுத்தும் உடைகளும் கருவிகளும் தடை. தோலில் ஒட்டும் மருத்துவ டேப்பும் இதில் அடங்கும். பயிற்சியில் பிரேஸோடு பழகிவிட்டுப் போட்டியன்று கழற்றினால், கைக்கு அது வேறொரு பிஸ்டல் போலத் தோன்றும். பொழுதுபோக்குக்காக மட்டும் சுடுபவர்களும் வாங்குமுன் சட்டத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது; இத்தகைய இணைப்பு, துப்பாக்கியின் சட்ட வகையையே மாற்றிவிடக்கூடும்.

கையில் நிரந்தரப் பலவீனம் உள்ளவர்களுக்கு வழி வேறு. பாரா துப்பாக்கி சுடுதலில் எடையைத் தாமே தாங்கக்கூடியவர்கள் எஸ்ஹெச்1 பிரிவில் வருவார்கள். பிஸ்டல் போட்டிகள் அந்தப் பிரிவுக்கே உண்டு. தாங்கி வைத்துச் சுடும் எஸ்ஹெச்2 பிரிவு ரைஃபிளுக்கு மட்டும்.

சரி, எதைக் கட்டலாம்? மூன்றாவது வகையான முழங்கைப் பட்டையை, அன்றாட வேலைகளின்போது. எலும்பு முனையிலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே, முன்கைத் தசை புடைத்திருக்கும் இடத்தில் அதன் மெத்தை உட்கார வேண்டும். பலர் வலிக்கும் எலும்பின் மேலேயே கட்டுகிறார்கள். அது பயனற்றது, வலியையும் கூட்டும். முஷ்டி பிடிக்கும்போது இறுக்கம் தெரிய வேண்டும், தளர்த்தும்போது ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். தூங்கும்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கழற்றிவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த வழியே போகும் ஆர நரம்பின் கிளை அழுந்தும். விரல்களை நீட்டுவதில் பலவீனம் வந்தால் பட்டையை அன்றோடு விட்டுவிடுங்கள்.

மணிக்கட்டு ஸ்ப்ளின்ட், வலி மிகக் கடுமையாக இருக்கும் முதல் இரண்டு வாரங்களுக்கு, கனமான வேலை செய்யும்போது மட்டும். மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கி வளைந்த நிலையில் தகடு இருக்கட்டும். மாதக்கணக்கில் போட்டால் தசை மெலியும், மூட்டு விறைக்கும். கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போனால் பட்டை தோலடி நரம்பை அழுத்துகிறது என்று பொருள். ஸ்ப்ளின்ட்டைக் கட்டிக்கொண்டு பிஸ்டல் பிடிக்க வேண்டாம். உள்ளங்கையில் கிடக்கும் துணியும் தகடும் கைப்பிடியின் பொருத்தத்தைக் கெடுக்கும். விரல் விசையை நேராகப் பின்னுக்கு இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும்.

குணமாக்குவது உடற்பயிற்சி. முதல் இரண்டு வாரம் அசைவில்லாப் பயிற்சி: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, புறங்கையை மற்றக் கையால் அழுத்துங்கள், மணிக்கட்டு அசையாமல் 30 முதல் 45 விநாடி எதிர்த்து நில்லுங்கள். ஐந்து முறை, நாளுக்கு இருவேளை. பிறகு அரைக் கிலோ எடை. மற்றக் கையின் உதவியால் மணிக்கட்டை மேலே கொண்டுபோய், உதவியை விட்டு, நான்கைந்து விநாடியில் மெதுவாக இறக்குங்கள். 15 முறை கொண்ட மூன்று சுற்றுகள், தினம் ஒருவேளை. வலியின்றி முடிந்தால் வாரத்துக்குக் கால் கிலோ கூட்டலாம். பிஸ்டல்காரர்கள் இதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: சுத்தியலின் கைப்பிடியை நுனியில் பிடித்து, கட்டைவிரல் மேலே இருக்க, சுத்தியலின் தலையை மெதுவாகத் தாழ்த்தி உயர்த்துவது. பிஸ்டல் கேட்கும் அதே அசைவு இது. கனம் அதிகமானால் சுத்தியல் தலைக்கு அருகே பிடியுங்கள்.

பத்தில் மூன்று நான்கு அளவுக்கு வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் போதும். திரும்பாவிட்டால் எடையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பன்னிரண்டு வாரம் செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிடுபவர்களே அதிகம். ஸ்டீராய்டு ஊசி கேட்காதீர்கள். முதல் சில வாரம் அற்புதமாக இருக்கும். ஓராண்டுக் கணக்கில் பார்த்தால், ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கிவிடுகிறார்கள். தவிர, 2022 முதல் எல்லா வகை ஸ்டீராய்டு ஊசிகளும் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைக்குள் வருகின்றன.

தோளுக்கு ஒரு கிலோ எடையை, நேர் பக்கவாட்டில் அல்லாமல் 30 டிகிரி முன்னால் தள்ளி, தோள் உயரம்வரை தூக்கி 10 விநாடி நிறுத்துங்கள். இடையே 40 விநாடி ஓய்வு. எட்டு முறையில் தொடங்குங்கள்.

கைப்பிடியையும் பாருங்கள். உள்ளங்கையின் கீழ் இருக்கும் தாங்குபலகை தளர்வாக இருந்தால் பிஸ்டல் கைக்குள் வழுக்கும். அதைத் தடுக்கவே விரல்கள் நசுக்குகின்றன. பலகையை ஏற்றிப் பொருத்துங்கள், இடைவெளிகளை மரப் புட்டியால் நிரப்புங்கள். முனையில் கூடுதல் எடைக்கட்டி இருந்தால் கழற்றுங்கள். முன்னால் இருக்கும் 30 கிராம், பின்னால் இருக்கும் 30 கிராமைவிட மணிக்கட்டுக்கு அதிகம் கனக்கும். குறி நிலைத்தபின் எட்டு பத்து விநாடியில் விசை விழவில்லையா? இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் நிறுத்துவதால் வருவது நடுக்கம் மட்டுமே. 60 சுடுதலுக்கு 75 நிமிடம் என்றால் ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம். இடையே பிஸ்டலை மேசையில் சாய்த்து வைக்க நேரம் தாராளமாக இருக்கிறது.

நடுக்கம் நரம்புக் கோளாறா என்றால், நீங்கள் சொன்னதை வைத்து அப்படித் தோன்றவில்லை. எல்லோருடைய கையும் விநாடிக்கு 8 முதல் 12 முறை நுணுக்கமாக அதிர்கிறது. களைப்பு, பதற்றம், காபி, தூக்கமின்மை, பசி எல்லாம் அதைப் பெரிதாக்கும். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், மனநலத்துக்கான லித்தியம், வலிப்புக்கான வால்புரோயேட் போன்றவையும் நடுக்கத்தைக் கூட்டும். ஆனால் முதல் சுடுதலிலேயே நடுங்கினாலும், குவளை பிடிக்கும்போதும் எழுதும்போதும் நடுங்கினாலும், பெற்றோருக்கும் அப்படி இருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். படபடப்போடு எடையும் குறைந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம். கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் நடுங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரை உண்டு: புரொப்ரனலால். ஆனால் அது இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை. துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் தடைசெய்யப்பட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு இந்த மருந்தால்தான் பிஸ்டலில் வென்ற இரண்டு பதக்கங்களையும் இழந்தார். ரத்த அழுத்தத்துக்காகவே எடுத்தாலும், சுடுபவர்களுக்கு விலக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென விட்டால் இதயத்துக்கு ஆபத்து. மருத்துவரிடம் வேறு மருந்து கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் புரொப்ரனலாலைத் தொடவே கூடாது.

நான்கு வாரம் சுடுவதை நிறுத்துங்கள். அதுவரை கைகள் துறுதுறுத்தால், குண்டில்லாத பிஸ்டலை, காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்து, வெற்றுச் சுவரை நோக்கி இடக்கையால் பிடித்துப் பழகலாம். ஹங்கேரியின் கரோலி டகாச், 1938இல் வலக்கை கையெறிகுண்டில் சிதைந்தபின் இடக்கையால் கற்று, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விசை இழுக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் போதும்.

நிறைந்த குவளையைத் தூக்கும்போது வலி பத்தில் இரண்டுக்குக் கீழே வந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை சுடுங்கள். வாரத்துக்கு 5 முதல் 10 வரை கூட்டிக்கொண்டே போனால் ஐந்து முதல் ஒன்பது வாரத்தில் 60ஐ எட்டலாம். இதற்கிடையே கழுத்திலிருந்து வலி இறங்கினாலும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தாலும், முழங்கை வீங்கினாலோ மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, வலி எலும்பு முனையில் இல்லாமல் நான்கைந்து செ.மீ. கீழே தசைக்குள் இருந்தாலும், அது டென்னிஸ் எல்போ அல்ல. எலும்பு மூட்டு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். போகும்போது முழங்கைப் பட்டையையும் கொண்டுபோங்கள், எங்கே கட்டினீர்கள் என்று காட்டுவதற்கு.