கண்ணாடி ஜாடியில் தயிர் ஏன் கெட்டியாக உறைவதில்லை?

ஜாடியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், குறை பெரும்பாலும் சூட்டில்தான் இருக்கும். பாலை 85 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடமாவது வையுங்கள். அப்போதுதான் மோர்ப்புரதம் (பால் திரிந்தால் பிரியும் நீரில் இருக்கும் புரதம்) குலைந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு பிணையும். அந்தப் பின்னல்தான் நீரைப் பிடித்து வைக்கிறது. தயிர் நீர்த்துப்போக இந்தப் படியைத் தவிர்ப்பதே முக்கியக் காரணம் என்பேன்.

அப்புறம் 43 டிகிரிக்கு ஆறவிட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறைத்தயிரைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் பாலைத் தயிராக்கும் பாக்டீரியா சாகத் தொடங்கும். ஜாடியை முதலில் வெந்நீரில் அலசிவிடுங்கள்; குளிர்ந்த கண்ணாடி பாலின் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

ஆறேழு மணி நேரம் அசைக்கவே கூடாது. பிறகு மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தயிர் கண்ணாடியை விட்டு ஒரே துண்டாக விலகினால் சரி, உடனே குளிர்பெட்டியில் வையுங்கள்.